கடைசிக் காற்புள்ளியை எடுத்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு பதிப்பின் மாணவர் பகுதியில் கொஞ்ச நாளாகப் பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதும் பயிற்சி போடுகிறீர்கள். நல்ல வேலை, முதலில் அதற்கு நன்றி. லூனாஸில் சனிக்கிழமை மாலை கோயில் மண்டபத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு நான் கணினி சொல்லிக்கொடுக்கிறேன், அதில் நாலைந்து பேர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். குறை சொல்லத்தான் எழுதுகிறேன், ஆனால் கோபமாக இல்லை.

போன வாரப் பயிற்சியில் மலேசியாவின் 13 மாநிலங்களை ஒரு பட்டியலாகக் கொடுத்திருந்தீர்கள். பத்தியின் அகலத்துக்குத் தகுந்தபடி, கல்யாணப் பத்திரிகையில் உறவினர் பெயர்களை அடைக்கிற மாதிரி நெருக்கி அடித்திருந்தீர்கள். நெகிரி ஒரு வரியில், செம்பிலான் அடுத்த வரியில். மேற்கோள் குறி எங்கே திறந்து எங்கே மூடுகிறது என்றே தெரியவில்லை. ஒரு பையன் அதைப் பார்த்துத் தட்டிவிட்டு, "சார், எண்ணிப் பார்த்தா பன்னிரண்டுதான் வருது" என்றான். எதை விட்டான் என்று கண்டுபிடிக்க எங்கள் இரண்டு பேருக்கும் கால் மணி நேரம் ஆனது. பெர்லிஸ். பாவம், அதை எல்லாரும்தான் விட்டுவிடுகிறார்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நிரலின் மற்ற இடங்களில் தப்பு செய்தால் பெரும்பாலும் கணினி கத்தும், வரி எண்ணோடு சொல்லும். பட்டியலுக்குள் தப்பு செய்தால் அது கத்தாது. பெர்லிஸ் இல்லாத மலேசியாவை அது சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளும். அந்தத் தப்பைப் பிடிக்க மனிதக் கண் ஒன்றுதான் இருக்கிறது, அதனால் நீளமான பட்டியலைக் கண்ணுக்குத் தோதாக எழுத வேண்டும். அழகுக்காக இல்லை.

என் அக்கா பாடாங் செராயில் முறுக்கு சுட்டு விற்கிறார். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே டின் கணக்கில் ஆர்டர் வரும். அவர் மகன் கூலிம் ஹைடெக் பார்க்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான், கெட்டிக்காரன். அம்மாவுக்காக ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தான்: வாடிக்கையாளர் ஊர் பெயரைத் தேர்ந்தெடுத்தால், அந்த ஊருக்கு நம் வேன் போகுமா, தபாலில்தான் அனுப்ப வேண்டுமா என்று சொல்லும். அதில் வேன் போகிற ஊர்களின் பட்டியல் இருந்தது. கடைசி ஊர் பீடோங். அப்புறம் குரூண் வரைக்கும் வேன் போக ஆரம்பித்ததும் கீழே ஒரு வரி சேர்த்தான். இப்படி:

ஊர்கள் = [
    'லூனாஸ்',
    'கூலிம்',
    'பாடாங் செராய்',
    'பீடோங்'
    'குரூண்'
]

ஐந்து வரி, ஐந்து ஊர் என்றுதானே தோன்றுகிறது? பைத்தானைக் கேட்டால் நான்கு என்று சொல்லும். பீடோங் கடைசி ஊராக இருந்தபோது அதன் பின்னால் காற்புள்ளி போடவில்லை, புது வரி சேர்க்கும்போது மேல் வரியைத் தொட வேண்டும் என்று அவனுக்கு நினைவில்லை. இரண்டு சரங்கள், அதாவது மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்துத் தொடர்கள், இடையில் காற்புள்ளி இல்லாமல் அடுத்தடுத்து வந்தால் பைத்தான் அவற்றை ஒட்டிவிடும். இது சி மொழியிலிருந்து வந்த பழக்கம், ரூபியிலும் உண்டு. ஆக 'பீடோங்குரூண்' என்று உலகத்தில் இல்லாத ஓர் ஊர் பிறந்தது. பிஎச்பியிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ இதே தப்பைச் செய்திருந்தால் முதல் ஓட்டத்திலேயே பிழை என்று நின்றிருக்கும். பைத்தான் அடக்க ஒடுக்கமாக விழுங்கிவிட்டது.

மூன்று வாரம். பீடோங்கிலிருந்தும் குரூணிலிருந்தும் ஓர் ஆர்டர் கூட வேனுக்கு வரவில்லை. அக்கா என்ன நினைத்தார் தெரியுமா? இந்த வருஷம் ஓமம் கூடிப்போய்விட்டது, பீடோங்காரர்களுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்து ஓமத்தைக் குறைத்துவிட்டார். ஒரு காற்புள்ளி முறுக்கின் ருசியையே மாற்றிவிட்டது. கடைசியில் பீடோங்கிலிருந்து ஒரு பழைய வாடிக்கையாளர் போனில் கூப்பிட்டு, "எங்க ஊரை ஏன் தள்ளிவெச்சிட்டீங்க?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மருமகன் என்னிடம் கொண்டுவந்து காட்டினான். "மாமா, ஓடுது, எந்தப் பிழையும் சொல்லலை" என்றான். அதுதானே சிக்கல், தம்பி.

இதற்கு மருந்து ரொம்பச் சின்னது. ஒரு வரிக்கு ஓர் உருப்படி, கடைசி உருப்படிக்குப் பின்னாலும் காற்புள்ளி. பைத்தான், பிஎச்பி, பெர்ல், ரூபி, ஜாவாஸ்கிரிப்ட் எல்லாவற்றிலும் பட்டியலின் கடைசியில் காற்புள்ளி விடலாம், எதுவும் கோபித்துக்கொள்ளாது. தகவல் பரிமாறும் கோப்பு வடிவமான ஜேசன் மட்டும் ஏற்காது, அதைப் பிறகு சொல்கிறேன். கடைசிக் காற்புள்ளி இருந்தால் புது வரி சேர்க்கிறவர் பழைய வரியைத் தொடவே வேண்டாம். வரிகளை மேலே கீழே நகர்த்தினாலும் ஒன்றும் ஆகாது. நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியை வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு லாபம், ஓர் ஊர் சேர்த்தால் ஒரே வரிதான் மாறியதாகக் காட்டும், இரண்டு வரி இல்லை. பிளாக் என்று பைத்தானுக்கு ஓர் ஒழுங்குபடுத்தும் கருவி இருக்கிறது, அதுகூட கடைசிக் காற்புள்ளியைப் பார்த்தால் 'இவர் வரிக்கு ஒன்றாக வேண்டும் என்கிறார்' என்று புரிந்துகொண்டு, பட்டியலை ஒரே வரியில் மடிக்காமல் விட்டுவிடும்.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது எழுத்தர். செக்ரோல் என்ற தொழிலாளர் வருகைப் பதிவேட்டை எழுதுவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் ஆபீசுக்கு வந்து எழுதுவார். ஆளுக்கு ஒரு வரி. முதலில் எண், அப்புறம்தான் பெயர், ஏனென்றால் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். தலைப்பு மேலே ஒரு தடவை மட்டும். யாராவது தோட்டத்தை விட்டுப் போனால் அழிக்க மாட்டார், மெல்லிய சிவப்புக் கோடு போட்டு ஓரத்தில் தேதி எழுதுவார். பால் வெட்டுக்கும் அதே கணக்குதான், நிரை நிரையாக நட்டிருந்ததால்தான் எந்த மரத்தை வெட்டினோம், எதை விட்டோம் என்று ஒரு பார்வையில் தெரியும், காட்டு மரமாக இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? இப்போது அந்த ரப்பரும் இல்லை, செம்பனை வந்து அதுவும் பாதி குடியிருப்புத் தாமானாகிவிட்டது. ஆனால் பைத்தானில் பட்டியல் எழுதும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த செக்ரோல்தான் ஞாபகம் வருகிறது.

வரிக்கு மூன்று நான்கு தகவல் இருந்தால், அதாவது அஞ்சல் குறியீடு, ஊர், வேன் கிழமை என்று இருந்தால், சிலர் ஒவ்வொரு வரியிலும் 'குறியீடு', 'ஊர்', 'கிழமை' என்று தலைப்பையும் சேர்த்துத் திரும்பத் திரும்ப எழுதுவார்கள். அறுபது வரியில் அறுபது தடவை. கண் தலைப்பைப் படித்தே களைத்துப்போகும், உள்ளே இருப்பதைப் படிக்காது. அப்பா செய்த மாதிரி மேலே ஒரு குறிப்பு வரியில் தலைப்பை எழுதிவிட்டுக் கீழே வெறும் தகவலை அடுக்கினால் போதும்:

வழித்தடம் = [
    # குறியீடு, ஊர், வேன் கிழமை
    ('08100', 'பீடோங்', 'செவ்வாய்'),
    ('08300', 'குரூண்', 'செவ்வாய்'),
    ('09000', 'கூலிம்', 'வியாழன்'),
    ('09600', 'லூனாஸ்', 'வியாழன்'),
]

(பட்டியலுக்கு இட்ட பெயரைத் தமிழில் எழுதியிருக்கிறேனே, ஓடுமா என்று சந்தேகப்படாதீர்கள். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்றுக்கொள்ளும். பிள்ளைகளுக்கு இதைக் காட்டிய அன்று மண்டபத்தில் ஒரே கூச்சல்.) தகவல் ஐந்து ஆறு என்று போனால் இந்த முறை சரிவராது, மூன்றாவது இடத்தில் இருப்பது எது, நான்காவது எது என்று விரல் விட்டு எண்ண வேண்டிவரும்.

குறியீட்டைச் சுற்றி மேற்கோள் குறி இருப்பதைக் கவனியுங்கள், அதை நான் வேண்டுமென்றே போட்டேன். கோலாலம்பூரில் உட்கார்ந்து நிரல் எழுதுகிறவர்களுக்கு இது தோன்றாது, அவர்கள் குறியீடு 5-இல் தொடங்கும். நம் கெடாவிலும் பெர்லிஸிலும் பூஜ்ஜியத்தில் தொடங்கும். அஞ்சல் குறியீடு எண் மாதிரி இருக்கிறதே என்று மேற்கோள் இல்லாமல் எழுதினால் என்ன ஆகும்? முன்னால் பூஜ்ஜியம் வந்தால் அது எட்டடிமான எண், அதாவது 0 முதல் 7 வரை இலக்கங்களை மட்டும் வைத்து எட்டு எட்டாக எண்ணுவது, என்பது பழைய வழக்கம். பிஎச்பியில் அலோர் ஸ்டாரின் 05000 என்று எழுதினால் அது 2560 ஆகிவிடும், கங்காரின் 01000 வெறும் 512 ஆகிவிடும். கூலிமின் 09000 இன்னும் வேடிக்கை. எட்டடிமானத்தில் 9 என்ற இலக்கமே இல்லை, அதனால் பிஎச்பி 7-க்கு முன்னால் 9-இலிருந்து பின்னால் இருப்பதை எல்லாம் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்ளும். 7-இலிருந்துதான் பிழை என்று நிறுத்துகிறது. ஜாவாஸ்கிரிப்டின் பழைய தளர்ந்த முறையில் 05000 என்பது 2560, ஆனால் 09000 என்பது 9000. ஒரே மாநிலத்தின் இரண்டு ஊருக்கு இரண்டு நீதி! பைத்தான் 3 இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை, முன்பூஜ்ஜியம் போட்ட எண்ணைப் பார்த்தாலே பிழை என்று சொல்லிவிடும். கூட்டிக் கழிக்கப் போகிறோமா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு அஞ்சல் குறியீட்டை யாரும் கூட்டப் போவதில்லை, அதனால் அது எண் இல்லை, பெயர்தான். மேற்கோளுக்குள் போடுங்கள். அடையாள அட்டை எண், தொலைபேசி எண் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

குறியீட்டை வரிசைப்படி அடுக்கியிருப்பதற்கும் காரணம் உண்டு. பைத்தானின் அகராதி வகையில், அதாவது ஒவ்வொரு குறியீட்டோடும் ஒரு தகவலை இணைத்து வைக்கும் அமைப்பில், ஒரே குறியீட்டை இரண்டு தடவை எழுதினால் பிழை சொல்லாது, பின்னால் எழுதியது முன்னால் எழுதியதைத் தின்றுவிடும். வரிசையாக இருந்தால் இரட்டை உருப்படிகள் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும், கண்ணில் படும்.

மேற்கோளும் காற்புள்ளியும் தட்டித் தட்டிக் கை வலிக்கிறது என்பவர்களுக்குக் குறுக்கு வழிகள் உண்டு. பெர்லிலும் ரூபியிலும் சொற்களை வெறும் இடைவெளி விட்டு எழுதினால் பட்டியலாக்கித் தரும் குறியீடு இருக்கிறது. பைத்தானில் ஒரு நீளமான சரத்தை எழுதி ஸ்பிளிட் செய்தால், அதாவது இடைவெளி உள்ள இடங்களில் பிரிக்கச் சொன்னால், அதே வேலை நடக்கும். ஆனால் இதை மலேசிய ஊர்ப் பெயர்களுக்குச் செய்து பாருங்கள், சுங்கை ஓர் ஊர், பட்டாணி ஓர் ஊர், பாடாங் ஓர் ஊர், செராய் ஓர் ஊர் என்று ஆகிவிடும். நம் ஊர்களில் பாதிக்கு மேல் இரண்டு சொல்லாகத்தான் இருக்கின்றன. அதனால் மூன்று மேற்கோள் குறிக்குள் வரிக்கு ஓர் ஊராக எழுதி, முன்பின் காலி வரியை ஸ்டிரிப் செய்துவிட்டு, ஸ்பிளிட்லைன்ஸ் என்று வரி வாரியாகப் பிரிப்பது மேல். ஸ்டிரிப்பை மறந்தால் முதல் ஊர் வெற்று ஊராக வரும். ஒரே தகவல் கொண்ட, இருநூறு முந்நூறு வரி நீளமுள்ள பட்டியலுக்கு எனக்குப் பிடித்த முறை இதுதான். மேற்கோள் இல்லை, காற்புள்ளி இல்லை, பீடோங்குரூண் பிறக்க வழியே இல்லை.

தமிழ் எழுத்துகளைப் பட்டியலாக்கும்போது இந்த ஸ்பிளிட் முறை இன்னொரு விதத்தில் கைகொடுக்கிறது. ஆங்கில எழுத்துகள் என்றால் 26 எழுத்தையும் ஒட்டி ஒரே சரமாக எழுதி, லிஸ்ட் என்று சொன்னால் தனித்தனியாகப் பிரித்துத் தரும். 'கி' என்று எழுதி அப்படிச் செய்தால் 'க' தனியாக, இகரக் குறி தனியாக இரண்டு துண்டு வரும். யுனிகோடில் 'கி' என்பது இரண்டு குறி. என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை அந்த இகரக் குறி மட்டும் புள்ளி வட்டத்தோடு தனியாக நிற்பதைப் பார்த்து, கணினி கெட்டுவிட்டது என்று பயந்துவிட்டாள். இடைவெளி விட்டு 'க கா கி கீ' என்று எழுதி ஸ்பிளிட் செய்தால் எழுத்து எழுத்தாகச் சரியாக வரும். சரி, 216 உயிர்மெய்யையும் அப்படியே எழுதலாமா? பதினெட்டு வரி, வரிக்குப் பன்னிரண்டு, வகுப்பறைச் சுவரில் தொங்கும் அட்டை மாதிரி அழகாகத்தான் இருக்கும். ஆனாலும் நான் பிள்ளைகளை எழுத விடுவதில்லை. பதினெட்டு அகர உயிர்மெய்யை ஒரு பட்டியலாகவும், பதினொரு உயிர்க்குறிகளோடு ஒரு வெற்றுச் சரத்தையும் சேர்த்துப் பன்னிரண்டை இன்னொரு பட்டியலாகவும் எழுதி, ஒவ்வொன்றையும் மற்றதோடு ஒட்டச் சொல்வேன். கணக்குப் போட்டுப் பெறக்கூடியதைக் கையால் எழுதினால், ஙௌவை விட்டதை யாரும் ஆயுசுக்கும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

இன்னொன்று, இதைத் தமிழில் எழுதுகிறவர்கள்தான் அனுபவித்திருப்பார்கள். ஆங்கில நிரலாளர்கள் பட்டியலை இடைவெளி போட்டு, பத்திகள் நேர்க்கோட்டில் நிற்கும்படி சீவி வைப்பார்கள். அவர்களுடைய சம அகல எழுத்துருவில் எல்லா எழுத்தும் ஒரே அகலம், அதனால் நடக்கிறது. நம் 'ணௌ' எவ்வளவு இடம் பிடிக்கும், 'ர' எவ்வளவு பிடிக்கும்? எவ்வளவு இடைவெளி தட்டினாலும் கோடு நேராக நிற்காது, உங்கள் திரையில் நின்றாலும் என் திரையில் நிற்காது. அந்த முயற்சியை நான் விட்டுவிட்டேன். அகலம் மாறாத குறியீட்டை முதலில் போட்டு, அகலம் மாறுகிற தமிழ்ப் பெயரைப் பின்னால் தள்ளினால் பாதி ஒழுங்கு தானாக வந்துவிடும்.

பட்டியல் ரொம்பப் பெருத்துவிட்டால், அல்லது நிரல் தெரியாதவர் அதைத் திருத்த வேண்டியிருந்தால், அதை நிரலுக்குள் வைத்திருப்பதே தப்பு. அக்காவின் விஷயத்தில் நான் இதைத்தான் கடைசியில் சொன்னேன். ஊர் சேர்க்க வேண்டும் என்றால் அவர் மகன் இரவு வேலை முடிந்து வரும்வரை காத்திருக்க வேண்டுமா? இப்போது அது தனி சிஎஸ்வி கோப்பாக, அதாவது வரிக்கு வரி காற்புள்ளியால் தகவலைப் பிரித்து வைக்கும் உரைக் கோப்பாக, இருக்கிறது. இங்கேயும் ஒரு குழி உண்டு. சிஎஸ்வியை எக்செலில் திறந்து சேமித்தால், அது 09000-ஐப் பார்த்து 'எண்தானே' என்று முன்னால் உள்ள பூஜ்ஜியத்தைத் தட்டிவிட்டு 9000 ஆக்கிவிடும், ஆகவே அந்தப் பத்தியை உரை என்று சொல்லித்தான் திறக்க வேண்டும். தமிழ் எழுத்துகள் எக்செலில் கண்டபடி கோணல் குறிகளாகத் தெரிந்தால், பைத்தானில் கோப்பை எழுதும்போது யூடிஎஃப்-8-சிக் என்ற குறியாக்கத்தைக் கொடுங்கள், சரியாகிவிடும். ஜேசனில் போடலாமே என்று மருமகன் கேட்டான். கடைசிக் காற்புள்ளி கூடாது, குறிப்பு எழுத இடம் இல்லை, மேற்கோளைக் கொஞ்சம் மாற்றிப் போட்டாலும் மொத்தக் கோப்பும் படுத்துவிடும், இதை முறுக்கு மாவுக் கையோடு அக்கா எப்படித் திருத்துவார்? இரண்டு இயந்திரங்கள் பேசிக்கொள்ள ஜேசன் நல்லது.

குறிப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. பட்டியலுக்கு மேலே அது எங்கிருந்து எடுத்தது, எதுவரைக்கும் செல்லும் என்று ஒரு வரி எழுதுங்கள். அக்காவின் நிரலில் தீபாவளித் தேதிகளும் உண்டு. முதலில் 2023-க்கு 12/11/2023 என்று எழுதியிருந்தான், அதைச் சிலர் டிசம்பர் 11 என்று படிப்பார்கள். '2023-11-12', '2024-10-31', '2025-10-20', '2026-11-08' என்று ஆண்டை முன்னால் போட்டு எழுதினால் குழப்பமும் இல்லை, வரிசையும் தானாக வரும். '2026-க்கு மேல் இல்லை' என்று மேலே எழுதி வைத்தோம். எழுதாவிட்டால் 2027-இல் நிரல் தீபாவளியே இல்லை என்று சொல்லும், அக்கா மறுபடியும் ஓமத்தில் கை வைப்பார்.

சரி ஐயா, இனி உங்களிடம் கேட்க வேண்டியது. நிரல் அச்சிடும்போது வரிக்கு ஓர் உருப்படியாகவே போடுங்கள், பத்திக்குள் அடங்காவிட்டால் பட்டியலைச் சுருக்குங்கள், பதின்மூன்று மாநிலத்துக்குப் பதில் ஆறு ஊர் போதும். கீழே ஒரு வரி சேர்த்து 'எண்ணிக்கை இத்தனை வர வேண்டும்' என்று நிரலையே சோதிக்கச் சொல்லுங்கள், அந்தப் பையன் அன்றைக்கே பெர்லிஸைக் கண்டுபிடித்திருப்பான். உங்கள் பக்க வடிவமைப்பு மென்பொருள் நேரான மேற்கோள் குறியை எல்லாம் அழகாக வளைத்துவிடுகிறது, மின்னிதழிலிருந்து நகல் எடுத்து ஒட்டுகிற பிள்ளைகளுக்குப் பைத்தான் அந்த வளைந்த குறியை ஏற்காது. அதை நிமிர்த்திப் போடுங்கள். அப்புறம் இந்தக் கடிதத்தையே வெளியிடுவதாக இருந்தால், மேலே உள்ள வழித்தடப் பட்டியலில் லூனாஸ் வரிக்குப் பின்னால் இருக்கும் காற்புள்ளி அச்சுப்பிழை இல்லை என்று உங்கள் மெய்ப்புத் திருத்துநரிடம் தயவுசெய்து சொல்லிவிடுங்கள். முதல் பட்டியலில் பீடோங்குக்குப் பின்னால் காற்புள்ளி இல்லாததும் அப்படியே இருக்கட்டும்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
லூனாஸ், கெடா